குளிர்ந்த காலையில் நடுங்கும் எஞ்சின்: செலவுக்கு முன் சோதனை

மூணாறு, தேவிகுளம், மறையூர் பகுதிகளில் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் மார்கழி, தை மாதங்களில் ஒரே குறையைக் கூறுவதுண்டு. காலையில் காரை இயக்கியதும் எஞ்சின் நடுங்குகிறது. ஐட்லிங் ஏறி இறங்குகிறது. சில சமயம் நின்றும்விடுகிறது. ஐந்து நிமிடம் ஓடிய பின் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதே கார் உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கோ சித்தூருக்கோ சென்று தங்கினால், மறுநாள் காலையில் குறையே தெரிவதில்லை. பாலக்காட்டுச் சமவெளியின் காலை வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சில நாட்களில் 0 டிகிரியையும் தொடும் மூணாறின் காலை வேறு. குளிர் பெரும்பாலும் பழுதை உண்டாக்குவதில்லை, மறைந்திருப்பதை வெளிக்காட்டுகிறது.

வாடகைக் கார் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் இக்குறைக்காக மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றுடன் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். நான்கு இன்ஜெக்டர்களையும் பெட்ரோல் பம்பையும் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காரின் மீது வாகனக் கடன் ஏற்கெனவே நிலுவையில் இருந்தது. காரை ஓர் இரவு பணிமனையிலேயே நிறுத்தி, காலையில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் சோதிக்கச் சொல்லுமாறு அவரிடம் கூறினோம். விரிசல் விட்ட ரப்பர் குழாய் ஒன்றே காரணம் எனத் தெரிந்தது. புதிய கடனுக்குத் தேவை ஏற்படவில்லை.

இன்ஜெக்டர்கள் மீது ஐயம் எழுந்தது ஏன்? குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே காரின் கணினி, கூலண்டின் வெப்பநிலையைப் பார்த்து, கூடுதலாகப் பெட்ரோல் செலுத்துகிறது. கலவை சரியா என்று சொல்ல வேண்டிய ஆக்சிஜன் சென்சார் சுமார் 300 டிகிரி சூடான பின்னரே வேலை செய்யும். அதுவரை கணினி மதிப்பீட்டின்படியே நடக்கிறது. சென்சார் விழித்தபின், எங்கோ கசிந்து நுழையும் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. இது அனாமத்துக் கணக்கில் வேறுபாட்டை எழுதிப் பேரேட்டைச் சமன் செய்வது போன்றது. தொகை ஒத்துப்போகும், பிழை அங்கேயே இருக்கும். சூடான காரைப் பணிமனைக்கு ஓட்டிச் சென்றால் மெக்கானிக் காண்பது சமன் செய்யப்பட்ட கணக்கையே.

சோதனையைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குதல் நலம்.

முதலாவது, கவனித்தல். குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில் 1,200 சுற்றுக்கு மேல் ஓடி, படிப்படியாக 800 அளவுக்கு இறங்குவது இயல்பு, அது பழுதன்று. நடுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது, புகையின் நிறம் என்ன, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் காரை ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, பேட்டரியும் ஏர் ஃபில்டரும். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி மின்னேற்றமே உள்ளது.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக்குகள். எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை. அதன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தும்போது மிஸ்ஸிங்கும் உடன் இடம்பெயர்ந்தால், காயிலே குற்றவாளி. இச்சோதனைக்குச் செலவில்லை.

நான்காவது, த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தல். ரப்பர் குழாய்களில் விரிசல் தேடுதல். ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தம் ஐட்லிங்கில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டி, 2,500 சுற்றில் குறைந்தால், காற்றுக் கசிவு என்று கொள்ளலாம்.

ஐந்தாவது, கூலண்ட் சென்சார். காலையில் எஞ்சினை இயக்குமுன் ஸ்கேனர் காட்டும் கூலண்ட் வெப்பநிலையும் வெளிக்காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 5 டிகிரி இருக்கையில் சென்சார் 40 என்றால், கணினி எஞ்சின் சூடாக இருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே இன்ஜெக்டர், பம்பு ஆகியவற்றின் முறை வரும். கூலண்ட் அளவு குறைந்துகொண்டே வந்து, வெண்புகையும் நீடித்தால் ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் கொள்ள வேண்டும், அதைத் தள்ளிப்போடலாகாது. டீசல் ஜீப்பில் ஸ்பார்க் பிளக் இல்லை. அங்கு ஹீட்டர் பிளக்குகளை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இன்றி உயிரைப் பறிக்கும்.

எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்த அளவு அதைக் காட்டிற்று என்று கேளுங்கள். விடை எண்ணாகவோ, கழற்றிய பொருளாகவோ கண்முன் வர வேண்டும். வரவில்லையெனில் காரை இன்னும் ஓர் இரவு பணிமனையில் விட்டுவையுங்கள். காலைக் குளிர் விடை சொல்லும்.