பார்சலோனாவிலிருந்து ஒரு நாள்: பெனடெஸ் திராட்சைத் தோட்டங்களில் காண வேண்டியவை



ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் பார்சலோனா என்னும் பெருநகரம் உள்ளது. மகனையோ மகளையோ பார்க்கவோ, பயிற்சிக்கோ அங்கு செல்லும் நம்மவர்கள், ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் நகரத்துக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திராட்சை பயிரிடுபவர் எவரும் அந்த ஒரு நாளைப் பெனடெஸ் வட்டாரத்திற்கு ஒதுக்குவது நல்லது. அங்கே விளையும் திராட்சையில் பெரும்பகுதி மது தயாரிக்கவே போகிறது. மது அருந்துவதைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கோப்பையைத் தொடாமலே எல்லாவற்றையும் பார்த்து வரலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

பார்சலோனாவின் சான்ட்ஸ் நிலையத்திலோ கட்டலோனியா சதுக்கத்திலோ புறநகர் ரயில் ஏறினால், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சான்ட் சதுர்னி என்ற சிற்றூரை அடையலாம். ஃபிரெஷெனெட் நிறுவனத்தின் மது ஆலை ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கொடோர்னியூ ஆலை ஊருக்குச் சற்று வெளியே உள்ளது. எந்த ஆலைக்கும் முன்பதிவு செய்துகொண்டு செல்வதே முறை. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிக்குள் சென்றால் அறுவடையையும் காணலாம்.

ஆலைக்குள் நுழையுமுன் தோட்டத்தைப் பாருங்கள். நம்முடைய பந்தல் அங்கே இல்லை. பழைய தோட்டங்களில் கொடி தாங்குகோல் எதுவுமின்றி, இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டைச் செடியைப் போல நிற்கும். புதிய தோட்டங்களில் கம்பி வேலியில் படரவிட்டிருப்பார்கள். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்து கொடி உறங்குவதால், ஆண்டுக்கு ஒரே கவாத்து, ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு, மூன்று முறை காய் பறிப்பவருக்கு இது சோம்பேறித்தனமான சாகுபடியாகத் தோன்றலாம். இன்னொரு செய்தி அதைவிட வியப்பளிக்கும். 'காவா' என்ற பெயரில் விற்கப்படும் நுரை மதுவுக்கான திராட்சையை ஹெக்டேருக்கு 12,000 கிலோவுக்கு மேல் எடுக்க விதியில் இடமில்லை. ஏக்கர் கணக்கில் சுமார் 4,850 கிலோதான். மகசூலைக் கூட்டுவதற்கே பாடம் நடத்திப் பழகிய எனக்கு, மகசூலைக் குறைக்கச் சட்டம் இருப்பது முதலில் பிடிபடவில்லை. காய்ச்சுமை கூடினால் பழத்தில் சர்க்கரையும் மணமும் நீர்த்துப்போகும் என்பதே அதன் காரணம்.

முக்கியமாக மூன்று வெள்ளை இரகங்கள் பயிராகின்றன. மக்கபேயோ முதலில் அறுவடைக்கு வரும். ஷரெல்லோ அடுத்தது. தோல் தடித்தது, வறட்சியை ஓரளவு தாங்குவது. பரெல்லாடா உயரமான சரிவுகளில் பயிராகிக் கடைசியில் முதிர்வது. கம்பிகளில் ஆங்காங்கே சிறு குப்பிகளோ நாடாக்களோ தொங்குவதைக் காண்பீர்கள். திராட்சைக் குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் பெண்வாடையை அவை தோட்டமெங்கும் பரப்புகின்றன. ஆண் அந்து தன் இணை இருக்குமிடம் தெரியாமல் அலைந்து ஓய்கிறது, முட்டை குறைகிறது. ஒருவர் மட்டும் தன் தோட்டத்தில் கட்டினால் போதிய பயன் இராது. ஆகவே அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்கிறார்கள்.

ஆலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்மையாகப் பிழிந்த சாறு ஒருமுறை நொதிக்கிறது. பிறகு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். குறைந்தது 9 மாதம் நிலவறையில் வைக்க வேண்டும். 'ரிசர்வா' என்று பெயரிட 18 மாதமும், 'கிரான் ரிசர்வா' என்று பெயரிட 30 மாதமும் ஆகும். பின்னர் புட்டியைத் தலைகீழாகச் சாய்த்துத் திருப்பி, வண்டலைக் கழுத்தில் சேர்த்து, கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியாக வெளியே தெறிக்கும். ஸ்பெயினில் இம்முறையில் 1872இல் வெற்றி கண்டவர் கொடோர்னியூ குடும்பத்தின் ஜோசப் ரவென்டோஸ். அங்குள்ள பெரிய கட்டடத்தை வடிவமைத்தவர் புய்ச் இ கடபால்க் என்னும் கட்டடக் கலைஞர். 1976இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பயணிகள் வியப்பது அந்தக் கட்டடத்தைத்தான். விவசாயி கவனிக்க வேண்டியது வேறு.

சான்ட் சதுர்னியில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு திருவிழா நடக்கிறது. மஞ்சள் நிறத்தில் ஒரு பெரும் பூச்சியின் உருவத்தை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அதுவே ஃபிலாக்சரா. அசுவினிக்கு நெருங்கிய உறவான, கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிறு பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து திராட்சைச் செடிகளோடு கடல் கடந்து வந்து, 1860களில் பிரான்சுத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. 1879இல் கட்டலோனியாவின் வட எல்லையைத் தாண்டி, 1887இல் சான்ட் சதுர்னியை எட்டியது. இப்பூச்சி வேரைக் குத்தி உறிஞ்சுகிறது. வேரில் முடிச்சு கண்டு, பின் அழுகி, கொடி சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. மருந்து தெளித்துப் பார்த்தார்கள், மண்ணுக்குள் நஞ்சு செலுத்திப் பார்த்தார்கள். சில இடங்களில் தோட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தும் பார்த்தார்கள். நிலையான தீர்வு ஒன்றுதான் கிடைத்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் இப்பூச்சியைத் தாங்கி நிற்கும். அதை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் ஐரோப்பிய இரகத்தை ஒட்டுக் கட்டினார்கள். உவர் மண்ணுக்காகவும் வறட்சிக்காகவும் நாம் பயன்படுத்தும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியும் அமெரிக்கத் திராட்சை வழி வந்ததே.

இந்த ஒட்டுக் கட்டும் முறையால் குத்தகை விவசாயிகளுக்கு வந்த இடரைப் பற்றி ஆலையில் யாரும் சொல்லமாட்டார்கள். அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பெனடெஸ் நிலத்தில் பெரும்பகுதியைத் திருத்திக் கொடி நட்டவர்கள் நில உடைமையாளர்கள் அல்லர். 'ரபாசா மோர்ட்டா' என்ற ஒப்பந்தத்தின்படி நிலத்தை வாங்கிய வாரதாரர்களே. 'செத்த அடிக்கட்டை' என்பது அப்பெயரின் பொருள். நட்ட கொடிகள் உயிரோடிருக்கும்வரை நிலம் உழவனிடம் இருக்கும். விளைச்சலில் ஒரு பங்கை உடைமையாளருக்கு அளக்க வேண்டும். கொடிகளில் மூன்றில் இரண்டு பங்கு பட்டுப்போனால் ஒப்பந்தம் முடிந்தது, நிலம் உடைமையாளரிடம் திரும்பும். ஆகவே உழவன் ஒரு கொடியும் சாகாமல் பார்த்துக்கொண்டான். வெற்றிடம் விழுந்தால் பக்கத்துக் கொடியின் கிளையை மண்ணில் புதைத்துப் பதியன் போட்டு, தோட்டத்தைத் தலைமுறை கடந்தும் இளமையாக வைத்திருந்தான். பதியன் போடத் தெரிந்த கைதான் அவனுக்குப் பட்டா.

ஃபிலாக்சரா எல்லாக் கொடிகளையும் கொன்றபோது, ஒப்பந்தத்தின் எழுத்துப்படி குத்தகையும் செத்தது. மறுநடவு செய்தவர்களுக்கும் பழைய நிலை திரும்பவில்லை. ஒட்டுக் கொடியின் ஆயுள் அக்காலத்தில் ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளே. அதன் கிளையைப் பதியன் போட்டால் வேர்விடுவது ஐரோப்பிய இரகமாதலால், பூச்சி மீண்டும் தாக்கும். கன்றுக்கும் ஒட்டுக்கும் செலவு கூடியது, குத்தகைக் காலமோ பாதியாகச் சுருங்கியது. பூச்சிக்கு மருந்தாக வந்த தொழில்நுட்பம் உழவனின் உரிமையை அறுத்துவிட்டது. 1922இல் வாரதாரர்கள் சங்கம் கண்டார்கள். 1934இல் கட்டலோனிய நாடாளுமன்றம் நிலத்தை விலைக்கு வாங்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டே மத்திய நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. பரிந்துரை செய்யும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய நிலையையும் கேட்டறியுங்கள். விதிப்படி 150 கிலோ திராட்சைக்கு 100 லிட்டர் மதுவே கணக்கு. அதாவது முக்கால் லிட்டர் புட்டிக்கு ஏறத்தாழ 1 கிலோ 125 கிராம் பழம். 2020இல் கொள்முதல் விலை கிலோவுக்கு 30 யூரோ சென்ட்டை ஒட்டி இறங்கியபோது விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவ்விலையில் ஒரு புட்டிக்குள் இருக்கும் பழத்தின் மதிப்பு 34 சென்ட். ஆலைக் கடையில் எழுதியிருக்கும் புட்டி விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கொடோர்னியூ, ஃபிரெஷெனெட் இரண்டிலும் பெரும்பங்கு 2018இல் வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்குப் போனது. 2019இல் ஒன்பது ஆலைகள் காவா அமைப்பிலிருந்து விலகி, 'கோர்பின்னாட்' என்ற தனிப் பெயரில் விற்கின்றன. இயற்கை முறைச் சாகுபடி, கையால் அறுவடை என்பவை அவர்களது விதிகளில் சில. நேரம் இருந்தால் பெரிய ஆலை ஒன்றும் இத்தகைய சிறிய ஆலை ஒன்றும் பார்ப்பது நன்று.

2021 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கு கடும் வறட்சி நிலவியது. பெரும்பாலும் மானாவாரித் தோட்டங்கள் என்பதால் பழைய கொடிகள்கூடப் பட்டுப்போயின. திராட்சை வரத்துக் குறைந்ததால் 2024 ஏப்ரலில் ஃபிரெஷெனெட் நிறுவனம் 615 பணியாளர்களைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது.

மாலை ரயிலுக்கு முன், ஊரிலுள்ள ஃபசீனா காட்சியகத்தில் ஃபிலாக்சரா பற்றிய பகுதியைப் பார்த்துவிடுங்கள். இறுதியாக ஓர் எச்சரிக்கை. நல்ல இரகத்தைக் கண்டால் ஒரு குச்சியை ஒடித்துப் பையில் வைத்துக்கொள்ளக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் திராட்சைக் குச்சியை இந்தியாவிற்குள் கொண்டுவருவது குற்றம். அந்த ஊர் தன் தோட்டங்களை இழந்ததும் இப்படிக் கடல் கடந்து வந்த செடிகளால்தான். தோட்டத்தில் நடந்த செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணையும் அங்கேயே நன்றாகக் கழுவிவிட்டு விமானம் ஏறுங்கள்.