மறைவிமானங்களும் வதந்திகளும்

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியத்தை அறியாதார் தமிழ்நாட்டில் இலர் எனலாம். அங்குள்ள திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்போர், வாளிகள் கோத்த பெருஞ்சக்கரங்கள் மண்ணை வாரி அள்ளுவதையும், அடியில் பழுப்பு நிலக்கரி படுகையாக விரிந்து கிடப்பதையும் கண்டு வியப்பர். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அவ்விடத்தில் செம்மண் நிலமே கண்ணுக்குப் புலப்பட்டது. 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது, நீருடன் கரியநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது யாது என்று வெறுமனே பேசிக்கொண்டிருந்தால் விடை கிடைத்திராது. நிலநூல் வல்லுநர் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தனர். படுகையின் ஆழத்தையும் பருமனையும் அளந்தனர். அதன்பின்னரே உண்மை உறுதியாயிற்று. 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது.

மறைந்து கிடக்கும் ஒன்றைப் பற்றி எவரும் ஊகம் செய்யலாம். ஆனால் சான்று கண்டே அதனை அறிதல் இயலும். நெய்வேலி நமக்குப் புகட்டும் பாடம் இது. மண்ணுக்கடியில் மறைந்ததற்குப் பொருந்தும் இம்முறை, வானத்தில் மறைந்து பறப்பதற்கும் பொருந்தும். இராணுவத்தினர் மறைவாகச் செய்யும் விமானங்களைப் பற்றி நாட்டில் எத்தனையோ கதைகள் உலவுகின்றன. அவற்றுள் மெய் எது, ஊகம் எது என்று ஆராய்வோம்.

போரில் மறைவு என்பது புதியதன்று. முதல் உலகப்போரின்பொழுது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்தது. அடுத்த திங்களில் அதே கப்பல், பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி மாற்றுருக் கொண்டு பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. சென்னை மக்களோ, மீண்டும் எப்பொழுது வருமோ என்று அஞ்சி நகரைவிட்டு ஓடினர். எம்டன் என்னும் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்றும் பலர் இன்றளவும் கூறுவர். அதற்கு உறுதியான சான்று இல்லை. கப்பல் 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே அழிந்தது. கதையோ அழியவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை அன்றோ?

கடலில் இருந்த மறைவு பின்னர் வானத்திற்கும் சென்றது. அதனை அறிந்துகொள்ள, ரேடார் என்னும் கருவி இயங்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும். மலையை நோக்கி நாம் கூவினால் நம் குரல் திரும்பி வருகின்றது. அதுபோலவே ரேடார் வானொலி அலைகளை வானில் செலுத்துகின்றது. அவ்வலைகள் விமானத்தின்மீது பட்டுத் திரும்புகின்றன. திரும்பிய நேரத்தைக் கொண்டு தொலைவையும், வந்த திசையைக் கொண்டு இருப்பிடத்தையும் கணிக்கின்றனர். அலை திரும்பி வாராவிடில் ரேடார் ஏமாந்துபோகும்.

அலை திரும்பாமல் இருக்க இரு வழிகள் உண்டு. இருட்டறையில் ஒரு கண்ணாடிக்கு நேரே விளக்கொளியைப் பாய்ச்சினால் ஒளி நம் கண்ணுக்கே திரும்பும். கண்ணாடியைச் சற்றே சாய்த்தால் ஒளி வேறு திசையில் சென்றுவிடும். அவ்வாறே விமானத்தின் மேற்பரப்பைச் சாய்வாக அமைத்து அலைகளை வேறு திசைக்குத் திருப்பிவிடுதல் முதல் வழி. அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்களை மேலே பூசுதல் இரண்டாவது வழி. இவற்றோடு, குண்டுகளை விமானத்தின் வயிற்றுக்குள் வைத்தலும், எந்திரத்தின் சூட்டைத் தணித்து வெளிவிடுதலும் உண்டு. இவை யாவும் சேர்ந்ததே மறைவு நுட்பம். எனினும், மறைவிமானம் மாயவிமானம் அன்று. அது தரையில் நிற்குங்கால் எவரும் காணலாம். ரேடாருக்கும் அது அறவே தெரியாமற் போவதில்லை. மிக அருகில் வந்த பின்னரே தெரியும். நீண்ட அலைகளைச் செலுத்தும் ரேடார்கள் அதனைச் சற்று எளிதாகவே கண்டறியும்.

இந்நுட்பத்தின் வரலாற்றில் வியப்பிற்குரிய செய்தி ஒன்று உண்டு. அலைகள் ஒரு பொருளின் விளிம்பில் பட்டு எவ்வாறு சிதறும் என்பதற்கான கணக்கை, சோவியத் நாட்டு அறிஞர் உஃபிம்த்சேவ் 1962இல் மாஸ்கோவில் வெளியான நூலொன்றில் எழுதினார். அது யாவரும் படிக்கக்கூடிய நூல். அதனை மொழிபெயர்ப்பில் படித்த அமெரிக்கப் பொறியாளர், அக்கணக்கைக் கொண்டே விமானம் வகுத்தனர். பேரிரகசியம் ஒன்றின் வேர், திறந்து கிடந்த நூலில் இருந்தது!

அவ்வாறு பிறந்ததே எஃப்-117 என்னும் விமானம். பட்டை தீட்டிய வைரக்கல்லைப் போலத் தட்டையான பல முகங்கள் கொண்டது. 1981 ஜூன் 18ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. நெவாடாப் பாலைவனத்தில் ஒதுக்குப்புறமான தளத்தில் அதனை வைத்து, பல ஆண்டுகள் இரவிலேயே ஓட்டிப் பழகினர். 1988 நவம்பரிலேதான் அமெரிக்க அரசு அதன் இருப்பை ஒப்புக்கொண்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் வாளாவிருந்தனரோ? இல்லை. மறைவிமானம் ஒன்று உண்டு என்ற செய்தி கசிந்தது. பொம்மை விமானங்கள் செய்யும் நிறுவனம் ஒன்று 1986இல், ‘எஃப்-19’ என்று தானே ஊகித்துப் பெயரிட்டு ஒரு பொம்மையைக் கடைகளுக்கு அனுப்பியது. வளைந்து வழுவழுப்பான உருவம் கொண்டிருந்த அப்பொம்மை ஏராளமாக விற்றது. இதுவே மறைவிமானம் என்று பலர் நம்பினர். உண்மையான விமானம் வெளிப்பட்டபொழுது, அதன் உருவம் பொம்மைக்கு ஒவ்வாததாக இருந்தது, பெயரும் வேறாயிருந்தது. இரகசிய விமானம் உண்டு என்ற ஊகம் மெய். அதன் உருவத்தைப் பற்றிய ஊகம் பொய். ஒரு வதந்தியில் ஒரு பகுதி மெய்யாயின், முழுவதும் மெய்யாகிவிடாது என்பதை இதனால் அறிக. அவ்விமானத்தை எவராலும் வீழ்த்த இயலாது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1999 மார்ச் 27ஆம் நாள் யூகோஸ்லாவியப் படையினர், பழைய சோவியத் ஏவுகணை ஒன்றால் எஃப்-117 விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினர்.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. 2025 ஜூன் 14ஆம் நாள் இரவு, நமக்கு அண்மையில் உள்ள திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எஃப்-35பி என்னும் பிரிட்டானிய மறைவிமானம் ஒன்று இறங்கியது. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த அது, வானிலை சீர்கெட்டதாலும் எரிபொருள் குறைந்ததாலும் இறங்க நேர்ந்தது. பின்னர் அதன் நீரழுத்தப் பொறியமைப்பில் பழுது கண்டமையால் திரும்பிச் செல்ல இயலவில்லை. பிரிட்டனிலிருந்து வல்லுநர் வந்து செப்பனிட்ட பின்னர், ஜூலை 22ஆம் நாள் அது பறந்து சென்றது.

அந்த 38 நாள்களில் எழுந்த கதைகள் எத்தனை! ஒற்றறிய வந்தது என்றனர் சிலர். நம் ரேடார் அதனைப் பிடித்து வீழ்த்திற்று என்றனர் வேறு சிலர். இந்திய விமானப்படை கூறியதோ மிக எளிய செய்தி: தன் கண்காணிப்பு அமைப்பு அவ்விமானத்தைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டது, இறங்க இசைவும் அளித்தது. இசைவு வேண்டி வரும் விமானம் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. அமைதிக் காலத்தில் இத்தகைய விமானங்கள், ரேடாரில் நன்கு தெரியும்பொருட்டு, அலைகளைத் திருப்பும் சிறு கருவிகளைப் பொருத்திக்கொண்டு பறப்பதும் உண்டு. ஆதலின், அது கண்டறியப்பட்டது என்னும் ஒன்றைக் கொண்டு, போரிலும் அவ்வாறே எளிதில் கண்டறியலாம் என்று முடிவு செய்தல் பொருந்தாது.

படைத்துறையினர் சிலவற்றை மறைத்தே ஆகவேண்டும். நம் நாடும் ‘ஆம்கா’ என்னும் மறைவுப் போர்விமானத்தை உருவாக்கும் திட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்துள்ளது; அதன் நுட்பங்கள் அனைத்தையும் தெருவில் உரைக்க இயலுமோ? ஆனால் மறைவு உள்ள இடத்தில் வதந்தி முளைக்கும். அமைதிக் காலத்தில் அது பொழுதுபோக்கு. போர்க்காலத்தில் அது நஞ்சு. 2025 மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்டபொழுது, பழைய படங்களும் கணினி விளையாட்டுக் காட்சிகளும் போர்க் காட்சிகளாகக் கைப்பேசிகளில் பரவின. அவற்றை மெய்யென்று நம்பிப் பிறர்க்கு அனுப்பியோர் பகைவர் அல்லர், நம்மைப் போன்றோரே.

ஆகவே மாணவர்களே! வியப்பூட்டும் செய்தியொன்று காதில் விழுந்தால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனை நேரில் கண்டவர் யார்? அவர் இதனை எதனால் அறிந்தார்? இதற்கு எளிய விளக்கம் வேறு உண்டா? விடை கிடைக்காவிடில், ‘அறியேன்’ என்று கூறுங்கள். அறியாததை அறியேன் என்பது இழிவன்று.

நெய்வேலியின் இரவு வானில் ஓர் ஒளி நகர்ந்து செல்வதை நீங்கள் காணலாம். அது மறைவிமானம் என்று உடனே உரைத்துவிடுதல் எளிது. அது பயணிகள் விமானமா, செயற்கைக் கோளா என்று நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு ஆராய்தல் சற்று அரிது. ஆயினும், துளையிட்டு அளந்து பார்த்தவர்க்கே அம்மண்ணின் கருஞ்செல்வம் கிட்டியது. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம்; காதால் கேட்டதும் பொய்யாகலாம்; தீர விசாரித்து அறிவதே மெய்.