வண்டி கொள்ளாத குப்பை

தென்காசியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள இலத்தூரில் என் அத்தை வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், அந்த வீட்டின் பரணையும் பின்கட்டையும் காலி செய்து கொடுப்பதற்காகப் போயிருந்தேன். இரண்டு பழைய ஃபோம் மெத்தைகள், ஓர் இலவம்பஞ்சு மெத்தை, கால் உடைந்த சோபா, துருப்பிடித்த பீரோ, ஓடாத தொலைக்காட்சிப் பெட்டி, ஆட்டம் கண்ட கட்டில் எனப் பலவும் வெளியே வந்தன. மறுநாள் காலையில் ஊராட்சியின் குப்பை வண்டி வரும் என்று அத்தை சொன்னார். நானும் மிகவும் சாமர்த்தியமாக, முதல் நாள் இரவே மெத்தைகளைத் தெரு ஓரத்தில் கொண்டு போய்ப் போட்டுவிட்டேன்.

ஆனி மாதத்து இரவு என்றால் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்தது. கூடவே சாரலும் வந்தது. விடியும் வரை நிற்கவே இல்லை.

காலையில் பேட்டரி வண்டியுடன் தூய்மைக் காவலர்களான இரண்டு பெண்கள் வந்தார்கள். மெத்தையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள், அசையவில்லை. "அண்ணாச்சி, மெத்தைன்னு சொன்னீங்க, இது கல்லுல்லா கிடக்கு!" என்றார் ஒருவர். கல்லூரியில் பல ஆண்டுகளாக அடர்த்தியைப் பற்றிப் பாடம் நடத்தி வருகிற எனக்கு அன்று தலை குனிய வேண்டியதாயிற்று. நான் செய்த தவறு என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மெத்தையின் நீளம் 1.8 மீட்டர், அகலம் 1.2 மீட்டர்; கனம் 10 செ.மீ. இவற்றைப் பெருக்கினால் பருமன் 0.216 கன மீட்டர். சாதாரண ஃபோமின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம். எனவே உலர்ந்த மெத்தையின் எடை ஆறரை கிலோகிராம்தான். உங்களில் எவரும் தனியாகத் தூக்கிவிடலாம். ஆனால் ஃபோம் எதனால் ஆனது? பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. திண்மமான பாலியூரித்தேனின் அடர்த்தி ஏறத்தாழ 1,200. முப்பதை 1,200 ஆல் வகுத்தால் நூற்றுக்கு இரண்டரை. அப்படியானால் மெத்தையில் பிளாஸ்டிக் இரண்டரைப் பங்கு; மீதி தொண்ணூற்றேழரைப் பங்கும் காற்று! அத்தை பல ஆண்டுகளாகப் படுத்து உறங்கியது பெரும்பாலும் காற்றின் மீதுதான்.

அந்தக் காற்று இருந்த இடம் ஏறத்தாழ 210 லிட்டர். இரவு முழுவதும் பெய்த சாரல் அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பியிருந்தால்கூட உள்ளே 70 லிட்டர் நீர், அதாவது 70 கிலோகிராம் ஏறியிருக்கும். வெயில் வந்ததும் அது வடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். எளிதில் வடியாது. ஃபோமின் துளைகள் மிக நுண்ணியவை. பரப்பு இழுவிசை நீரை அவற்றுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. விளக்குத் திரியில் எண்ணெயை மேலேற்றும் அதே நுண்புழை ஏற்றம்தான் இது. ஆறரை கிலோகிராம் பொருளை 70 கிலோகிராமுக்கு மேல் ஆக்கி, இரண்டு பெண்களின் முதுகில் ஏற்றப் பார்த்தேன். அன்று மெத்தைகள் அங்கேயே கிடந்தன.

இனி வண்டியைக் கவனிப்போம். அந்தப் பேட்டரி வண்டியின் பெட்டியை அளந்து பார்த்தேன். நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் 60 செ.மீ. பருமன் 0.9 கன மீட்டர். சமையலறைக் குப்பையின் அடர்த்தி கன மீட்டருக்கு 450 கிலோகிராம் அளவில் இருக்கும். வண்டி நிறைந்தால் சுமை 400 கிலோகிராமை எட்டும். அதே வண்டியில் உலர்ந்த ஃபோம் மெத்தைகள் எத்தனை கொள்ளும்? நான்கே நான்கு! அவற்றின் மொத்த எடை 26 கிலோகிராம். ஒரு பள்ளி மாணவனின் எடைகூட இல்லை. ஆனால் வண்டி நிறைந்துவிட்டது. அதன் பிறகு தெருவில் மற்ற வீட்டுக் குப்பையை எதில் வாங்குவது?

'பருமன்' என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் பெரிது, தடித்தது என்று பொருள். நம் பாடப்புத்தகத்திலோ அது இடத்தை அடைக்கும் அளவைக் குறிக்கும். வீட்டுச் சாமான்கள் குப்பையாகும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. உள்ளாட்சி வண்டிக்குச் சிக்கல் இந்தக் குப்பையின் எடையால் வருவதில்லை, பருமனால் வருகிறது. அன்றாடக் குப்பையோடு இதைச் சேர்த்து அனுப்ப முடியாததற்கும், தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

பீரோவைப் பாருங்கள். அது அடைக்கும் இடம் 0.8 கன மீட்டருக்கு மேல். ஏறத்தாழ ஒரு வண்டி. எடையை 70 கிலோகிராம் என்று கொள்வோம். எஃகின் அடர்த்தி 7,850. வகுத்துப் பார்த்தால் அதில் உள்ள எஃகின் பருமன் 9 லிட்டர்! அவ்வளவு பெரிய பீரோவின் இரும்பெல்லாம் ஒரு தண்ணீர்க் குடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் பீரோவுக்காக நாம் ஊராட்சியைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் வீட்டுக்கே வந்து பணமும் கொடுத்து எடுத்துச் செல்வார். ஒரே பொருளால் ஆனதும் அடர்த்தி மிகுந்ததுமான சாமானுக்கு எப்போதும் விலை உண்டு. சோபாவை ஏன் எவரும் வாங்குவதில்லை? அதில் மரம், சுருள்வில், ஃபோம், துணி, ஆணி எல்லாம் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. பிரிக்கும் கூலி, கிடைக்கும் விலையை விட அதிகம். என்னைக் கேட்டால் குப்பை என்பதற்கு இதைவிடச் சரியான வரையறை இல்லை.

இலவம்பஞ்சு மெத்தையின் கதை வேறு. முன்பெல்லாம் பஞ்சு அடிப்பவர் வில் போன்ற கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வருவார். அமுங்கிக் கட்டிபோல் ஆன பஞ்சை அடித்து, இழைகளுக்கிடையே மீண்டும் காற்றைப் புகுத்திப் புது மெத்தையாக்கித் தருவார். இழந்த பருமனைத் திருப்பித் தருவதுதான் அவர் தொழில். இப்போதும் மெத்தைக் கடைகளில் பழைய பஞ்சை வாங்கி அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அத்தை வீட்டுப் பஞ்சு ஆறு தலையணைகளாக மாறியது.

வண்டி ஏற்காததை மக்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் கொளுத்துகிறார்கள். ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன; இரண்டும் கொல்லும் நச்சு வாயுக்கள். போகியன்று விடியற்காலையில் காற்று அசைவற்று இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சற்று வெப்பமாகவும் இருப்பதால் புகை மேலே எழாமல் தெருவிலேயே படுத்துவிடும். 2018 ஜனவரி 13 ஆம் நாள் சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாகவும் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்படவும் காரணமாயின. வேறு சிலர் இரவோடு இரவாகக் குளத்துக்கு நீர் வரும் கால்வாயில் தள்ளிவிடுகிறார்கள். நீரை உறிஞ்சிய மெத்தை கால்வாயில் எப்படி உட்காரும் என்பதை இதற்குள் நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் அது மடையை அடைக்கும். நீர் போக வேண்டிய வயலுக்குப் போகாது. போகக்கூடாத வீட்டுக்குள் போகும்.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானில் தோக்கியோ நகரின் 23 வட்டாரங்களில் ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேற்பட்ட சாமான் எல்லாம் பெருங்குப்பை என்று கருதப்படும். முன்கூட்டியே தொலைபேசியில் பதிவு செய்து, கட்டண வில்லையைக் கடையில் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் மட்டுமே வெளியே வைக்க வேண்டும். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏ.சி. ஆகியவற்றுக்குத் தனிச் சட்டமே 2001 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நகர மன்றத்திடம் சொல்லி வைத்தால் ஆட்கள் வந்து எடுத்துச் செல்கிறார்கள். நம் சென்னை மாநகராட்சியும் 2025 அக்டோபரில் பழைய சோபா, கட்டில், மெத்தை போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1913 என்ற எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ முன்பதிவு செய்ய வேண்டும். மூன்று இடங்களிலும் முதலில் தகவல் போகிறது. பிறகுதான் வண்டி வருகிறது. எவ்வளவு பருமன் என்று தெரிந்தால்தானே எந்த வண்டி என்று முடிவு செய்ய முடியும்?

இலத்தூர் போன்ற ஊருக்குச் செயலி எதுவும் தேவையில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, தெருக்களைத் துப்புரவு செய்வதையும் குப்பைக் குவியல்களை அகற்றுவதையும் கிராம ஊராட்சியின் கடமைகளாக வைத்திருக்கிறது. ஆகவே கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நாங்கள் இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் அத்தையின் பேரன் அளவு நாடாவுடன் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு சாமானின் நீளம், அகலம், உயரத்தைக் குறித்து, மொத்தப் பருமனைக் கணக்கிட்டான். பிரிக்காமல் வைத்தால் ஏழு கன மீட்டருக்கு மேல் வந்தது. பேட்டரி வண்டி என்றால் எட்டு நடை!

பிறகு பிரித்தோம். கட்டிலை அப்படியே நிறுத்தினால் அடைக்கும் இடம் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். ஆணியைக் கழற்றிச் சட்டங்களை அடுக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குதான். உலர்ந்த ஃபோம் மெத்தையை இருவர் முழங்காலால் அழுத்திச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கினால் 35 செ.மீ. விட்டமுள்ள உருளையாகும், அதன் பருமன் 0.115 கன மீட்டர், அதாவது பாதி. (நான் நனைய விட்ட மெத்தைகள் காய்வதற்குப் பத்து நாள் ஆயிற்று.) துருத்திய ஆணிகளை மடக்கிவிட்டோம், உடைந்த கண்ணாடியைச் சாக்கில் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதினோம். இது சுமப்பவர்களின் கைகளுக்காக. மொத்தம் மூன்று கன மீட்டருக்குள் அடங்கிற்று. அந்தப் பட்டியலை மனுவோடு சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். பட்டியலைப் படித்துப் பார்த்த செயலர், ஒரே நடையில் முடிந்துவிடும் என்று கண்டு, ஒரு காலை வேளைக்கு டிராக்டர் அனுப்புவதாகச் சொன்னார். சாரல் இல்லாத நாளாகப் பார்த்து, வண்டி வரும் நேரத்துக்குத்தான் சாமான்களை வெளியே வைத்தோம்.

பட்டியலில் ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. நீங்களும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அதுதான் பழைய தொலைக்காட்சிப் பெட்டி. 2006 க்கும் 2011 க்கும் இடையில் தமிழ்நாடு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. அதன் படக்குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். திரையின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ. மீது வளிமண்டலம் ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் அழுத்துகிறது. அப்படியானால் திரையின் மீது மட்டும் 600 கிலோகிராம்! சுத்தியலால் தட்டினால் கண்ணாடி உள்நோக்கி வெடித்து, சில்லுகள் எங்கும் சிதறும். படக்குழாய் ஒரு மின்தேக்கியாகவும் இருப்பதால், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் அதில் தங்கியிருக்கக்கூடும். எக்ஸ் கதிர்களைத் தடுப்பதற்காகக் குழாயின் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் காரீய ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். கழுத்துப் பகுதியில் சுற்றியுள்ள கொஞ்சம் செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்கள் இந்தக் காரீயத்தை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியும் இவ்வகைதான். அதன் குழாயை வெட்டினால் வாயு வெளியேறிவிடும். அதைக் காத்திருக்க வைக்கும்போது கதவைத் திறக்க முடியாதபடி கட்டி வையுங்கள். சிறு பிள்ளைகள் ஒளிந்து விளையாட உள்ளே புகுந்தால் மூச்சுக்குக் காற்று இராது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், இத்தகைய பொருள்களைத் தயாரிப்பவர்களே அவற்றின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் அது போய்ச் சேர வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றால் அந்த வண்டி இலத்தூர் வரை வராது. ஊர் முழுவதும் சேர்த்தால் வரலாம். ஆகவே நம் பேரன் இப்போது இரண்டாவது பட்டியலில் இறங்கியிருக்கிறான். எந்தெந்த வீட்டுப் பரணில் எத்தனை பெட்டி என்று நான்கு தெருக்களில் கேட்டு முடித்தாயிற்று, இதுவரை முப்பத்தேழு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தத் தாளைக் கொடுக்கப் போகிறான். அதுவரை அத்தை வீட்டுப் பெட்டி, திரை சுவரைப் பார்த்தபடி, நனையாத மூலையில் இருக்கிறது.