சாணத்தில் போனது போக மிச்சம் எவ்வளவு?

கோழி இறகில் புரதம் 80 சதவீதத்துக்கு மேல். அதைப் பதப்படுத்தாமல் அரைத்துப் போட்டால் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாது, வந்த வழியே போய்விடும். மூட்டையில் அச்சிட்ட புரத அளவை மட்டும் பார்த்துத் தீவனம் வாங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

உடம்பில் ஒட்டியது எவ்வளவு என்பதைச் சாணமே சொல்லும். மாடு தின்றதன் உலர் எடை 10 கிலோ, போட்ட சாணத்தின் உலர் எடை 4 கிலோ என்றால் செரிமானம் 60 சதவீதம். குடலிலிருந்து உதிர்வதும் சாணத்தில் சேர்வதால் இந்த எண் சற்றுக் குறைவாகவே காட்டும். தீவனங்களை ஒப்பிட அது போதும். தீவன அட்டவணைகளில் வரும் 'மொத்த செரிமானச் சத்து' இந்த வழியில் கிடைப்பதுதான்.

இப்போது வைக்கோலையும் கம்பு நேப்பியர் புல்லையும் பார்ப்போம். ஒரு கிலோ வைக்கோலில் ஈரம் போக 900 கிராம். அதில் செரிப்பது சுமார் 40 சதவீதம், அதாவது 360 கிராம். ஒரு கிலோ பச்சைப் புல்லில் உலர் எடை 200 கிராம்தான். 55 சதவீதம் செரித்தாலும் 110 கிராம். வைக்கோல் கிலோ 8 ரூபாய், புல் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செரிக்கும் சத்து ஒரு கிலோவுக்கு வைக்கோலில் 22 ரூபாய், புல்லில் 27 ரூபாய் ஆகிறது. வைக்கோல் ஜெயித்ததா?

இல்லை. அதில் செரிக்கும் புரதம் ஏறக்குறைய பூஜ்யம். தவிர, அது பெருவயிற்றில் நெடுநேரம் கிடக்கும். இடமில்லாமல் மாடு மேற்கொண்டு தின்னாது. வற்றுமாட்டுக்கு வைக்கோலோடு கொஞ்சம் பசுந்தீவனம் போதும். கறவைக்குப் புல்தான், அதோடு கடலைப் புண்ணாக்கு போல நன்றாகச் செரிக்கும் புரதமும் வேண்டும்.

ஆனால் புல்லை அறுக்கும் நாளில் கோட்டை விடுபவர்கள் ஏராளம். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. உயரம் வரட்டும் என்று விட்டால் எடை கூடும். ஆனால் தண்டில் செரிக்காத லிக்னின் ஏறிச் செரிமானம் இறங்கும். அட்டவணை எண் இளம்புல்லுக்கானதா, முற்றியதற்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்லே கிடைக்காத கோடையில் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் செரிமானம் கூடும். நெடி போக ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு மட்டும் அதைக் காட்ட வேண்டாம்.