இடாப்பில் இல்லாத பெயர்

அன்பின் தங்கச்சிக்கு,

மன்னார்த் தீவில் விசேட கல்வி அலகு ஒன்றைப் பொறுப்பெடுத்திருக்கிறீர் என்று கடிதத்தில் கண்டேன். மனம் நிறைந்தது. இந்த வருடம் இதே தொழிலுக்கு வந்த மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் பதிலைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உம்முடைய கடிதத்தில் ஒரு வசனம் என்னை இருக்கவிடவில்லை. "இடாப்பில் ஏழு பிள்ளைகள்தான் அக்கா, சமாளிக்கலாம்" என்று எழுதியிருந்தீர். அந்த ஏழு பேரையும் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் எப்படியோ உம்முடைய வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

2003 ஆம் ஆண்டு வாடைக் காலம். சமாதானம் பேசிக்கொண்டிருந்த நாள்கள், கடலுக்கும் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை விடிய தாழ்வுபாட்டுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன். அம்பாப் பாட்டு வேகம் பிடித்தால் எல்லாருடைய காலும் வேகம் பிடிக்கும், இறங்கினால் இறங்கும். அந்தப் பொடியன் மட்டும் வாயே திறக்கவில்லை. அவனுடைய கண் முன்னால் இழுப்பவரின் குதிக்காலில் இருந்தது. பாட்டு மாறிய அந்த அடியிலேயே அவனுடைய காலும் மாறியது. நிறுத்த வேண்டிய இடத்தில் பின்னால் நின்றவர் அவனுடைய தோளில் ஒருமுறை தட்டினார். அப்போதுதான் விளங்கியது, அவனுக்குக் காது கேட்காது.

பெயரைக் கேட்டேன். ஒரு கிழவர் தன் இடது புருவத்தை விரலால் கீறிக் காட்டினார். அவனுடைய புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதுதான் அந்தக் கரையில் அவனுடைய பெயர். மீனுக்கு, காற்றுக்கு, சம்மாட்டிக்கு, சாப்பாட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் கைச்சாடை இருந்தது. ஒருவரும் ஒரு பயிற்சிப் பட்டறைக்கும் போகவில்லை. உட்படுத்தல் கல்வி என்று நாங்கள் மகரகமவில் இருந்து வரும் புத்தகங்களில் படிக்கிற விசயத்தை அந்தக் கயிற்றில் நின்றவர்கள் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் காட்சியில் மயங்கிவிடாதேயும். நான் மயங்கியிருந்தேன். பிறகுதான் தாயைத் தேடிப் போய்க் கதைத்தேன். ஆறு வயதில் அவனை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "கைதடிக்குக் கொண்டுபோங்கோ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956 இல் தொடங்கிய நஃபீல்ட் பாடசாலை நல்ல பாடசாலைதான், வடக்கில் எத்தனையோ செவிப்புலன் இழந்த பிள்ளைகளை ஆளாக்கியது. ஆனால் அது 1997, போர்க் காலம். மன்னாரில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. ஆறு வயதுப் பிள்ளையை எந்தக் கடலால், யாருடைய துணையோடு அனுப்புவது? தாய் வீட்டுக்குத் திரும்பினார். ஆறு வருடத்தில் ஒருவரும் அந்த வீட்டுப் படலையைத் தட்டவில்லை.

அவன் பிறகு என்னுடைய அலகுக்கு வந்தான். தன் பெயரை எழுதப் பழகினான், நிறையும் விலையும் எழுதப் பழகினான். இன்று தன் மீனுக்குத் தானே துண்டு எழுதிக் கொடுக்கிறான், வியாபாரிகள் அவனை ஏய்க்க முடியாது. சாதாரண தரம் வரைக்கும் அவனைக் கொண்டுபோக என்னால் முடியவில்லை. முதல் மொழி மூளையில் வேர்விடுகிற வயது கடந்து, பன்னிரண்டில் வந்தவன் அவன். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகையால் இடாப்பை நம்பாதேயும். உம்முடைய வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சரியாகச் சொல்லும். வேலிக்கு வெளியே இருப்பதை அது சொல்லாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போம். முன்பள்ளி ரீச்சரிடமும் குடும்பநல மிட்வைஃபிடமும் அதைவிட முதலே போம், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை அவர்களுக்குத்தான் தெரியும். பேசாலை என்றாலும் எருக்கலம்பிட்டி என்றாலும் வாடிகளில் கேளும். காற்று மாறினால் குடும்பத்தோடு கரை மாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை இரண்டு ஊர் இடாப்பிலும் இல்லாமல் போகும்.

வீட்டில் எப்படிக் கேட்பது என்பதும் ஒரு வேலைதான். "ஊனமான பிள்ளை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் வேறு விதமாகக் கேட்டார்கள். பார்க்க, கேட்க, நடக்க, ஞாபகம் வைக்க, தன்னைத் தானே பராமரிக்க, மற்றவர்களோடு தொடர்பாடக் கஷ்டம் இருக்கிறதா என்று. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு கஷ்டம் இருக்கிறது என்று பதில் வந்தது. கஷ்டம் என்று கேட்டால் தாய் கதைப்பார். அக்காவின் கலியாணம் குழம்பிவிடும் என்று பிள்ளையைப் பின்னறையில் வைத்திருக்கிற தாயாக இருந்தாலும் கதைப்பார். அவரைக் குற்றம் சொல்லாதேயும். ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போனால் பாரும், அதே தாய் அதே பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில், வெட்கப்படாமல் நேர்த்தி தீர்க்க நிற்பார். அந்தப் பிள்ளையை ஒளிக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். உம்முடைய பள்ளிக்கூடம் இரண்டாவது இடமாக வேண்டும்.

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளை. தரம் மூன்றில் இருந்து "மந்தம்" என்று என்னிடம் அனுப்பினார்கள். நானும் அப்படியே எழுதி, இரண்டு வருடம் அலகுக்குள் வைத்திருந்தேன். காலையில் கேள்விக்குப் பதில் சொல்வாள், மத்தியானம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். களைப்பு என்று நினைத்தேன். ஒருநாள் காலையிலேயே சோளகம் அடித்துத் தகரக் கூரை தடதடத்தது. அன்று காலையிலும் அவள் வெறித்துப் பார்த்தாள். கிட்டப் போய்க் காதைப் பார்த்தேன், சீழ். தலையணை நாறுகிறது என்று தாய் முன்பே சொல்லியிருந்தார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைத்தியம் செய்த பிறகு சாதாரண வகுப்பில் முன் வாங்கில், கூரைச் சத்தம் குறைந்த சுவர்ப் பக்கம் இருத்தினோம். படித்தாள். அவளுக்கு விசேட கல்வி தேவைப்பட்டிருக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தையும் நான் எடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையைப் பற்றி "ஏலாது" என்று எழுத முதல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாரும். காதையும் கண்ணையும் பரிசோதிக்காமல் ஒரு சொல்லும் எழுதாதேயும்.

அதனால்தான் உம்முடைய அலகைப் பற்றியும் எனக்குப் பயம் உண்டு. அது நல்ல அறையாக இருக்கலாம், சுவரில் படங்கள் இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தொல்லையான பிள்ளைகளை எல்லாம் தள்ளிவிடுகிற பின்னறையாக மாற அதற்கு ஒரு தவணை போதும். வீட்டின் பின்னறையில் இருந்து எடுத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் வைப்பதற்கா இவ்வளவு பாடு? காலைக் கூட்டத்தில் உம்முடைய பிள்ளைகள் மற்றவர்களின் வரிசையில் நிற்கட்டும். சித்திரம், சங்கீதம், விளையாட்டு, பிறகு கணிதம் என்று ஒவ்வொரு பாடமாக அவர்களைச் சாதாரண வகுப்புக்குள் அனுப்பும், நீரும் கூடப் போய் இரும். வகுப்பு ரீச்சர்மார் பயப்படுவார்கள். அது வெறுப்பு இல்லை, பழக்கமில்லாமை. மற்றப் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேரையும்விட வேகமாகப் பழகிவிடுவார்கள்.

சட்டம் உம்முடைய பக்கம்தான், அதையும் கையில் வைத்திரும். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. 5 வயது தொடக்கம் 14 வரை என்று இருந்த கட்டாயக் கல்வி 2016 இல் 16 வயது வரை கூடியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை உறுதிப்படுத்தியதும் அதே 2016 இல்தான். கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அவற்றைக் காகிதத்தில் இருந்து இறக்க உயர் நீதிமன்றம் வரைக்கும் போனவர் அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992 இல் ஓடுகிற காரின் மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. தான் நுழைய முடியாத ஒவ்வொரு வாசலையும் அவர் நாட்டின் கேள்வியாக மாற்றினார். இந்தக் கதையை உம்முடைய அதிபருக்குச் சொல்லும். சட்டப் பிரிவைவிட அது நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

சாய்தளம் கட்டும்போது பக்கத்தில் நில்லும். மேசனுக்கு அளவு தெரியாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரைவாசியில் முடித்தால் அது பிள்ளையை விழுத்துகிற சறுக்கு. வகுப்பறைக்குக் கட்டிவிட்டு மலசலகூடத்தை மறந்துவிடுவார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை விடியத் தொடக்கம் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடம் வருவாள், ஏன் என்று ஒருவருக்கும் விளங்காது.

எங்கள் தீவில் இன்னொன்றும் இருக்கிறது, மணல். ஆஸ்பத்திரியில் தருகிற சக்கர நாற்காலி ஆஸ்பத்திரி நிலத்துக்குச் செய்தது. அதன் முன்னுக்கு இருக்கிற சின்னச் சில்லு இரண்டும் எங்கள் ஒழுங்கையில் நாலு பாகம் போக முதல் புதைந்துவிடும். முன்னுக்கு ஒரு பெரிய சில்லு வைத்த மூன்று சில்லு நாற்காலி மணலில் ஓடும், அதைக் கேட்டு எழுதும். கிடைக்கும் வரைக்கும் படலையில் இருந்து தார் றோட்டு வரைக்கும் பழைய பலகை போடலாம், அதற்கு அயலட்டைப் பொடியன்கள் வருவார்கள். ஒரு மாணவனுக்கு நாங்கள் அப்படித்தான் அறுபது அடிக்குப் பலகை போட்டோம். மழைக்கு உக்கிய பலகையை அவனுடைய வகுப்புப் பிள்ளைகளே மாற்றினார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், தென்காசிக்குக் கிட்ட ஆய்க்குடியில், ராமகிருஷ்ணன் என்பவர் 1981 இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதர். இன்று அவர்களுடைய ஊர்ப் பணியாளர்கள் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வீடு தேடிப் போய்த் தாய்க்கே பயிற்சி கொடுக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாரும். கிடைக்காவிட்டாலும் அந்த முறையை எடும். பிள்ளை ஐந்து வயதில் உம்மிடம் வரும் என்று காத்திருக்காமல், இரண்டு வயதில் நீர் அதனிடம் போம். வீட்டுக் கைச்சாடையைத் தாயிடம் இருந்து நீர் முதல் படியும், பிறகு உம்முடைய சைகை மொழியைத் தாய்க்குப் படிப்பியும்.

கடைசியாக உம்முடைய கடிதத்தில் இருந்தே ஒரு விசயம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு வேலிக்குப் பின்னால் தினமும் ஒரு பிள்ளை கை காட்டுகிறது, பேர் தெரியாது என்று எழுதியிருந்தீர். திங்கட்கிழமை அரை மணித்தியாலம் முந்திப் புறப்படும். படலையைத் தட்டும். இடாப்பைக் கொண்டுபோகாதேயும், கொஞ்சம் பேரீச்சம்பழம் கொண்டுபோம். பேரைக் கேட்டு எனக்கு எழுதும்.

அன்புடன்,
அக்கா