மிதித்தால் கடக் கடக்!

கேள்வி: என் மவுன்டன் பைக்கை மிதிக்கும்போதெல்லாம் கீழே 'கடக் கடக்' என்று சத்தம். பாட்டம் பிராக்கெட் பேரிங் போய்விட்டதாம். வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. அதற்கு முன் செயினை இறக்கிவிட்டு, கிராங்க் கைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துப் போல்ட்தான் லூஸ். பெடலும் சீட் போஸ்ட்டும்கூட இதே சத்தத்தைக் கிளப்பும்.

சதுர அச்சுள்ள கார்ட்ரிட்ஜ் வகை என்றால் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும். போல்ட்டையும் வாஷரையும் எடுத்தபின், கிராங்க்கைக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லரை மரை முடியும்வரை கையாலேயே ஏற்றுங்கள். அரைகுறையாக ஏற்றித் திருகினால் அலுமினிய மரை பிய்ந்து கிராங்க்கே வீணாகிவிடும்.

பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான்: பழைய யூனிட்டைக் கழற்றும்போது. செயின் பக்கம் இருப்பது இடது மரை; கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் வழக்கமான மரை. இது தெரியாமல் முழு பலத்தோடு இறுக்கிவிட்டு, துருப்பிடித்திருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய.

பழைய யூனிட்டில் 68, 122.5 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும்: ஃபிரேம் குழாயின் அகலமும் அச்சின் நீளமும், மில்லிமீட்டரில். அதே அளவில் வாங்குங்கள். மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால் ஏற்றுங்கள். சிக்கினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

மரையே இல்லாத பிரஸ் ஃபிட் வகை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஃபிரேமே கெட்டுப்போகலாம்.