முடி உதிர்வும் மூலிகை எண்ணெயும்

அன்புள்ள கதிருக்கு,

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, 3 மாதம் போல ஓய்ந்திருந்து உதிரும்; அதே மயிர்க்காலில் அடுத்தது முளைக்கும். நாளுக்கு 50 முதல் 100 வரை சீப்போடு வருவது இயல்பு. பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டீரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது. அதன் தாக்கத்தில் உச்சி, முன்நெற்றி மயிர்க்கால்கள் சுருங்கி, முடி பூனைமுடியாக மெலிகிறது.

இந்த நொதியைத் தாவரச் சேர்மங்கள் தடுக்குமா என்பதே ஆய்வாளர்களின் முக்கியக் கேள்வி. கொரியாவில் 76 ஆண்களிடம் நடந்த சோதனை 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினர் தினம் 400 மி.கி. பூசணி விதை எண்ணெயை 24 வாரம் உட்கொண்டனர். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முதல் பிரிவில் முடியின் எண்ணிக்கை சராசரியாக 40 சதவீதம் கூடியது. போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் 10 சதவீதம் கூடியது! கவனிக்க வேண்டியது இந்தப் பத்தைத்தான். போலிப் பிரிவு இல்லாத சோதனையில் இதுவும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். போதாக்குறைக்கு, பூசணி விதை எண்ணெய் இருந்த மாத்திரையில் வேறு தாவரப் பொடிகளும் கலந்திருந்தன.

ரோஸ்மேரி எண்ணெயின் புகழுக்குக் காரணம் 2015-இல் ஈரானில் 100 பேரிடம் நடந்த ஆய்வு. வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 2 சதவீதக் கரைசலோடு ஒப்பிட்டார்கள். 3 மாதத்தில் இரு பிரிவிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 6 மாதத்தில் இரண்டிலும் முடி கூடியது. 'மருந்துக்கு நிகர்' என்று விளம்பரங்கள் முழங்குவது இதை வைத்துத்தான். அந்த ஆய்வில் போலிப் பிரிவே கிடையாது. ஆண்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவதோ 5 சதவீதக் கரைசல்.

கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளின் மழித்த முதுகில் ரோமத்தைச் சீக்கிரம் வளரச் செய்திருக்கிறது. ஆனால் அந்த எலிக்கு வழுக்கை இல்லை. மழித்தது எப்படியும் வளரும்.

உதிர்வுக்கெல்லாம் பரம்பரையே காரணமல்ல. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டெங்கு, டைபாய்டு வந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று முடி வளர்ந்துவிடும். அந்நேரம் தேய்த்த எண்ணெய்க்கு இலவசமாக நற்பெயர்!

ரோஸ்மேரி எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றினால் தோல் எரிந்து தடிக்கலாம். தேங்காய் எண்ணெயில் சில துளிகள் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்ப்பது வழக்கம்.

அன்புடன்,
சித்தப்பா